மறுபதிப்பு கிடையாது

உப்புக்காற்று கேசட்டுக்கு ஆகாது சார். தூத்துக்குடியில் கேசட் வெளியிட நினைக்கிறவன் கிடாருக்கு முன்னால் வாங்க வேண்டியது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். புது ஷூ டப்பாவுக்குள் கிடக்குமே, அதுதான். தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், ஷூ வாங்கினால் அந்தப் பொட்டலத்தை மட்டும் தூக்கிப் போடாதீர்கள் என்று. என் அறையிலிருந்து டப்பா டப்பாவாக எடுத்துப் போய்ப் பரிசோதனைக்கு அனுப்பினீர்களே, அது அவ்வளவுதான். நான் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

அப்பா அமர்த்திய வக்கீலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நல்ல மனிதர். கயிறு பாறையில் மாட்டிக்கொண்டது, கடல் பழக்கமில்லாத பையன் பதறிப்போய்விட்டான் என்று சொல்லச் சொன்னார். போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது, அதனால் வாயையே திறக்காதே என்றும் சொன்னார். நிற்காவிட்டால் நீதிபதி முன்னாலும் இதையே சொல்கிறேன் என்றேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் பேச ஒப்புக்கொண்டதற்கு ஒரே காரணம், நீங்கள் எழுதி வைத்திருக்கும் காரணம் தப்பு. என் தங்கச்சி புருஷன் ஸ்டெபின் செத்தபோது கயிறு என் கையில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. எதற்காக என்பதில்தான் நமக்குள் தகராறு.

என் பெயர் விஜயராஜ். செந்தூர்பாண்டி அண்ணாச்சி மளிகை மொத்த வியாபாரம் என்றால் மார்க்கெட் பக்கம் யாருக்கும் தெரியும். அவருக்கு ஒரே மகன் நான். பகலெல்லாம் கடையில் உட்காருவேன். கடைக்குப் பின்னால் குடோன். குடோனில் வத்தல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. 'கரும்பார்' என்ற பெயரில் நான் நடத்திய கேசட் கம்பெனி அங்கேதான் இருந்தது. நீங்கள் மதுரைப் பக்கம் என்பதால் சொல்கிறேன், இங்கே பார் என்றால் கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற பாறைத் திட்டு. அங்கன போய் வந்தவன்தான் இந்த ஊரில் ஆள் என்று முன்பெல்லாம் சொல்வார்களாம்.

நாங்கள் வெளியிட்டது பிளாக் மெட்டல், டெத் மெட்டல், திராஷ். உங்கள் ரைட்டர் அதையெல்லாம் ஒரே வரியில் 'கூச்சல் இசை' என்று எழுதியிருக்கிறார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. திராஷ் என்பது கோபம். நடு ரோட்டில் லாரிக்காரனும் லோடுமேனும் போட்டுக்கொள்கிற சண்டையின் வேகம் அதில் இருக்கும். டெத் என்பது பாரம், தொண்டைக்கும் கீழேயிருந்து வருகிற உறுமல். பிளாக் என்பது குளிர். பனியே பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிரை எப்படிச் செய்வது என்பதுதான் பத்து வருஷமாக எனக்கு வேலை. பின்லாந்திலிருந்து ஒருவர், உங்கள் ஊரில் எப்போதாவது வெயில் அடிக்குமா என்று கேட்டு எழுதினார். அன்றைக்கு நான் வேர்த்து வழிந்துகொண்டு துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வரியைப் படித்தபோது வந்த சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் வேறு எதிலும் வந்ததில்லை.

இதில் சாத்தான் எங்கே வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. டி.வி.யில் எங்கள் லோகோவைக் காட்டி, அது ஏதோ மந்திரச் சக்கரம் என்கிறார்கள். காய்ந்த முள்வேலி மாதிரி இருக்கும், யாராலும் படிக்க முடியாது, உலகம் முழுக்க இந்த இசையில் லோகோ அப்படித்தான் போடுவார்கள். முகத்தில் வெள்ளையும் கறுப்பும் பூசிய படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். குலசை தசராவுக்கு முகத்தில் கறுப்பைப் பூசி, கோரைப்பல் மாட்டி, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்? உங்கள் ஸ்டேஷனிலேயே இரண்டு பேர் வேஷம் கட்டியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் ஏதாவது நடந்தால் வேஷத்தைக் காரணம் என்று எழுதுவீர்களா? ஆகவே அதை விட்டுவிடலாம். பாட்டு யாரையும் கொல்லவில்லை.

கரும்பாருக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. ஒரு வெளியீட்டுக்கு நூறு கேசட்தான். தீர்ந்தால் தீர்ந்தது, மறுபதிப்பு கிடையாது. அழுதாலும் கிடையாது. பெங்களூரில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தலையை ஆட்டுகிற கூட்டம் இருக்கிறதே, அவர்களில் ஒருவன் விமானம் ஏறி வந்து கேட்டான், ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிவு செய்ததில் வெட்டு ஒட்டு கிடையாது. தாளம் தவறினால் தவறினபடியே இருக்கும், ரோட்டில் குல்ஃபிக்காரன் மணியடித்தால் அதுவும் இருக்கும். நடந்ததை நடந்தபடி கொடுப்பதுதான் எங்கள் நேர்மை. அப்புறம், ஒன்றாம் நம்பர் கேசட் பாடியவன் வீட்டுக்குப் போக வேண்டும். எது வந்தாலும் அதை மாற்றியதில்லை. இப்போது நான் இங்கே உட்கார்ந்திருப்பதே இந்தப் பழக்கங்களால்தான் என்று நீங்கள் சிரிக்கலாம்.

ஸ்டெபினை முதலில் நான் பார்க்கவில்லை, கேட்டேன். திரேஸ்புரத்தில் ஒரு கடைக்காரரிடம் பாக்கி விஷயமாகப் போயிருந்தபோது, கரையில் நின்று தூரத்து வள்ளத்தை ஒருத்தன் கூப்பிட்டான். ஒரே மூச்சு. நான் பேசிக்கொண்டிருந்ததை முடித்து, சைக்கிளைத் திருப்பி, பூட்டைத் திறக்கிற வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. சங்கு குளிக்கிறவன். இப்போது எல்லோரும் கம்ப்ரசர் வைத்து, ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். இவன் அதோடு, பழைய ஆட்கள் மாதிரி வெறும் மூச்சிலும் இறங்குவான். வீட்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். எங்கள் பாட்டைப் போட்டுக்காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தான். இதுக்கு எதுக்கு அண்ணாச்சி என்னயக் கூப்பிடுதீக, பல்வலிக்காரன் ஒருத்தனப் பிடிச்சாப் போதுமே என்றான். ஆனால் மைக் முன்னால் வாயைத் திறந்தபோது குடோன் தகரம் அதிர்ந்தது.

அவன் குரல், என் கிடார், உப்பளத்தில் ஜே.சி.பி. ஓட்டுகிற ஜாபேஸின் டிரம்ஸ். பாண்டுக்கு 'பாழ்கடல்' என்று பெயர் வைத்தேன். முதல் வெளியீடு நூறும் மூன்றே வாரத்தில் தீர்ந்தது. சிலியில் ஒரு பத்திரிகை, இவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு மனிதக் குரல் வந்ததில்லை என்று எழுதியது. அதை ஸ்டெபினுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆழம்னா இங்கன எங்க சித்தப்பாவக் கேக்கச் சொல்லுங்க என்றான். அவனுக்கு அதன் மதிப்பு தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு சுத்தமாகப் பாடினான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

என் தங்கச்சி அனுசியா ஒத்திகைக்கு டீ கொண்டுவருவாள். அவன் உறுமுகிறபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எப்போது எப்படி ஆயிற்று என்று நான் கவனிக்கவில்லை, என் கண் டேப்பில் இருந்தது. விஷயம் வெளியே வந்தபோது அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். நாங்கள் கடை வைத்திருக்கிற வீடு, சாமி கும்பிடுகிற வீடு. அவன் கடற்கரைக்காரன், மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளாது என்பது இந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நான் ஒருத்தன்தான் அவர்கள் பக்கம் நின்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை அண்ணன்மார் செய்வார்கள்? அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். எனக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது. நான் படித்தவன், நான்கு தேசத்து ஆட்களோடு பழகுகிறவன்.

கல்யாணத்துக்குப் பிறகும் வாரம் தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அனுசியா நன்றாகத்தான் இருந்தாள். அடுக்களையை அவர்களைப் போலவே குசினி என்று சொல்லப் பழகியிருந்தாள். அது காதில் விழும்போது எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அங்கே நான் சாப்பிட்டதில்லை. வயிறு சரியில்லை என்பேன். அது பொய்யும் இல்லை, அந்த வாசலை மிதித்தாலே எனக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும்.

இப்போது கயிறு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கிறவன் காலில் கல்லோடு இறங்குவான். மேலே வள்ளத்தில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பவன் மச்சான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். கூடப்பிறந்தவளின் தாலியைத் தன் கையாலேயே எவனும் அறுக்க மாட்டான் என்ற நம்பிக்கை. கீழேயிருந்து கயிறு வெடுக்வெடுக்கென்று துள்ளினால் மச்சான் இழுக்க வேண்டும். கயிறு மச்சான் கையில் இருக்கிறபோது வள்ளத்தில் இருக்கிற வேறு யாரும் குறுக்கே வரக்கூடாது என்றும் ஒரு மரியாதை உண்டு. முத்துக் குளிப்பு நின்றுபோய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஸ்டெபின் வீட்டில் மட்டும் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

அவனுக்கு மச்சான் என்றால் நான் ஒருத்தன்தான். கடலில் கால் நனைக்கத் தெரியாதவன், வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன். இருந்தாலும் திரேஸ்புரம் கரையில் அத்தனை பேருக்கு முன்னால் கயிற்று நுனியை என் கையில் வைத்தான். சிரித்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் கையில கயித்தக் குடுத்தா வெங்காயமா கட்டுவாரு என்றார் ஒருத்தர். ஸ்டெபின் சிரிக்கவில்லை. எம் மச்சான் பிடிப்பாரு என்றான். அதற்குப் பிறகு திரேஸ்புரத்தில் எல்லோருக்கும் நான் மச்சான் ஆகிவிட்டேன். மீன் ஏலம் போடுகிறவன்கூட மச்சான் என்றுதான் கூப்பிட்டான். நானும் சிரித்துக்கொள்வேன். அவனை நான் முறைப்படி மாப்ள என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஸ்டெபின் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

பாழ்கடலின் முழு ஆல்பத்துக்கு 'அடிநீவாடு' என்று பெயர். கடலுக்கடியில் ஓடுகிற நீரோட்டத்தை இவர்கள் நீவாடு என்பார்கள். ஸ்டெபினுடைய அப்பா கடலில் போனவர், உடம்பு கிடைக்கவில்லை. பாட்டெல்லாம் அவரைப் பற்றித்தான். வரி என்னுடையது, துக்கம் அவனுடையது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கி இரண்டு வருஷம் வேலை செய்தோம். நான் செய்ததிலேயே அது ஒன்றுதான் உருப்படியானது. எனக்குப் பிறகும் இருக்கப்போவது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அனுசியா முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்டெபினுடைய குரல் போய்விட்டது. தொண்டைக்கு ஒன்றும் இல்லை. மைக் முன்னால் நிற்பான், வாயைத் திறப்பான், சிரிப்பு வந்துவிடும். ஜாபேஸும் சேர்ந்து சிரிப்பான். சந்தோஷமாக இருக்கிறவனை வைத்துக்கொண்டு இந்த இசையை ஒன்றும் செய்ய முடியாது சார். பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் குடோனுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்.

"மச்சான், நாம பண்ணுனத அழிச்சிருவோம். எங்கப்பா செத்ததையே பாடிக்கிட்டு இருந்தா எப்படி? பிள்ள பொறக்கப்போற வீட்டுல அந்தச் சத்தம் வேணாம்."

ஒலிநாடாவை அழிப்பது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. சிலேட்டைத் துடைப்பது போல நினைத்துக்கொண்டான். நான் கோபப்படவில்லை. சரி, அழித்துவிடலாம் என்றேன். கடைசிப் பாட்டுக்கு ஒரே ஒரு குரல் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் எனக்காகச் செய்துகொடு, அப்புறம் உன் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழிக்கிறேன் என்றேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அழிக்கிற எண்ணம் எனக்கு அப்போதே இல்லை. பொய்ச் சத்தத்தை நான் வெளியிடுவதில்லை, அவ்வளவுதான். பொய்யே சொன்னதில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லையே.

நான் கேட்டது கடலுக்கு அடியிலிருந்து ஒரு குரல். தண்ணீருக்குள் பதிவு செய்கிற மைக்கை நானே செய்தேன். கடையில் விற்கிற பலூனும் மெழுகுவர்த்தியும்தான் அதில் பாதி. பாஸ்கு, அதாவது ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் ஒரு காலையில், கடல் சும்மா கிடந்தபோது, ஸ்டெபினுடைய சித்தப்பா தேவதாசனின் வள்ளத்தில் போனோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். ரப்பர் குழாயின் சத்தம் பதிவைக் கெடுக்கும் என்பதால் கம்ப்ரசர் இல்லாமல், வெறும் மூச்சில் இறங்குவதாக ஏற்பாடு. மைக்கை அவன் இடுப்புக் கயிற்றிலேயே கட்டினேன்.

சங்கு குளிக்கிறவர்கள் தொடையில் ஒரு கத்தி கட்டியிருப்பார்கள். அது உறைக்குள் ஆடிக் கடகடவென்று மைக்கில் விழுந்தது. கழற்றி வைத்துவிடு என்றேன். கழற்றிச் சித்தப்பாவிடம் கொடுத்தான். காலில் கல்லை வழக்கமாக ஒரு சுருக்கில் மாட்டுவார்கள், பாதத்தை உருவினால் கழன்றுவிடும். கத்துகிற வேகத்தில் கால் நழுவி மேலே வந்துவிட்டால் என்ன செய்வது என்று, இந்தத் தடவை கணுக்காலோடு சேர்த்து நான் கட்டினேன். எங்கள் கடையில் சாக்கு கட்டுகிற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். எனக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

அவன் அதைக் குனிந்து பார்த்தான். மச்சான் கட்டியது என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

"இருக்கிற மூச்சையெல்லாம் கத்தித் தீத்துருவேன் மச்சான். காலிச் சாக்காத்தான் மேல வருவேன். வெரசாத் தூக்கிருங்க."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கல் மணலைத் தொட்டது கேட்டது. அப்புறம் கத்தினான். நல்ல கத்தல்தான். வேறு யாராக இருந்தாலும் அதோடு திருப்தியாகிக் கயிற்றை இழுத்திருப்பார்கள். ஆனால் இரண்டு வருஷம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தினவன் நான். அதற்குள்ளே ஒரு சிரிப்பு இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுடைய குரல் அது. நடிப்பு.

பிறகு கயிறு துள்ளியது. கையில் துள்ளியது, மைக் கயிற்றிலேயே கட்டியிருந்ததால் காதிலும் திம்திம் என்று விழுந்தது. நான் இழுக்கவில்லை. திரும்பவும் துள்ளியது, இந்தத் தடவை பலமாக. எஞ்சின் பக்கத்தில் இருந்த தேவதாசன் எழுந்து, "தம்பி, பய இழுக்கானா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். பதிவு நடக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று அர்த்தம். அந்த மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துடுப்பு வள்ளத்தில் இடித்துச் சத்தம் வரக்கூடாது என்று அதையும் கையால் பிடித்துக்கொண்டார். கயிறு மச்சான் கையில் இருக்கிறது, அவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? அவர் மேல் தப்பில்லை என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் அவர் கடலுக்கே போவதில்லை என்று கேள்விப்பட்டேன், வருத்தமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் நான் பத்து வருஷமாகத் தேடின குரல். அதில் நடிப்பு இல்லை. மூச்சு தீர்ந்த பிறகும் ஒரு மனிதனுக்குள் சத்தம் மிச்சம் இருக்கிறது சார், அது எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று. உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால், மன்னார் வளைகுடாவில், எனக்குக் குளிர்ந்தது. பின்லாந்துக்காரருக்குக்கூட அந்தக் குளிர் தெரிந்திருக்காது. அது முழுக்க அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, கயிறு மாட்டிக்கொண்டது, வாருங்கள் என்று தேவதாசனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கணுக்கால் முடிச்சு அவிழவில்லை. அவனுடைய கத்தியாலேயே அறுத்தார் அவர்.

உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி விசாரித்தார். மாட்டிக்கொண்டது என்று நான் சொன்னேன். அவர் என்னைக்கூட அதிகம் கேட்கவில்லை, கரையில் போய்த்தான் கேட்டார். கயிறு மச்சான் கையிலல்லா இருந்துச்சு, அதுக்கு மேல என்ன கேக்கீக என்று அத்தனை பேரும் சொன்னார்கள். சந்தேகப்பட்டதற்காக அவரைத் திட்டவும் செய்தார்களாம். விபத்து என்று முடித்துவிட்டார். அடக்கத்தில் நானும் பெட்டியைத் தூக்கினேன். சொந்தத்தில் முதல் தோள் என்று முன்னால் விட்டார்கள்.

அதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். கடைசிப் பாட்டில் முதல் கத்தலோடு வெட்டியிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷ வேலை. ஜாபேஸ்கூடக் கேட்டான், இவ்வளவு நீளம் எதற்கு, அந்தத் திம்திம் சத்தத்தையாவது எடுத்துவிடேன் என்று. அவனுக்கு அது என்னவென்று தெரியாது. கரும்பாரில் வெட்டு ஒட்டு கிடையாது என்றேன். செத்துப்போன ஒருத்தனின் பதிவில் கை வைப்பதைவிடக் கேவலம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நூறு கேசட்டையும் ஒவ்வொன்றாக முழு நேரம் ஓடவிட்டுப் பதிந்தேன். ஒன்றாம் நம்பரை, ஒரு சின்ன பிளேயரோடு சேர்த்து, நானே கொண்டுபோய் அனுசியாவிடம் கொடுத்தேன். பாடியவன் வீட்டுக்குப் போக வேண்டியது, பாடியவன் இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்கலாமா?

அவள் அதைக் கேட்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கு இந்த இசை பிடிக்காது. ஆனால் அவன் குரல் வேறு எதிலும் இல்லையே, அதனால் கேட்டிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஸ்டெபின் வீட்டில் படுத்துக்கொண்டு அவள் முந்தானை நுனியைப் பிடித்து, கடலுக்குள்ளிருந்து கயிற்றை இழுக்கிற மாதிரியே வெடுக்வெடுக்கென்று இழுத்து, என்னயத் தூக்கு, தூக்கு என்று விளையாடுவானாம். அந்தத் தாளம் அவளுக்குப் பாடம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடோன் வரைக்கும் நடந்து வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் கடை வாசலை அவள் மிதித்தது அன்றைக்குத்தான். கேசட்டை மூட்டை மேல் வைத்தாள். அழவில்லை.

"அவுக கயித்த இழுத்த சத்தம் இதுல இருக்குண்ணே. உனக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் கேசட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கூடப்பிறந்தவள் இல்லையா. அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தாள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கத்தியைக் கழற்றச் சொன்னது நான். முடிச்சைப் போட்டது நான். அவன் தூக்கச் சொன்னது தெரிந்து, கேட்டு, தூக்காமல் இருந்ததும் நான். இரண்டு வருஷம் ஒருத்தன் உயிரைக் கொடுத்துச் செய்ததை அவனே அழிக்கப் போனான், நான் விடவில்லை. நூறு கேசட்டில் ஒன்றை நீங்கள் எடுத்துவிட்டீர்கள், தொண்ணூற்றொன்பது கடல் தாண்டிப் போய்விட்டன. திரும்பி வராது. தூக்கில் போட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் ஒன்றே ஒன்றுதான். நேற்று அப்பா பார்க்க வந்திருந்தார். இசை, கேசட் என்றால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார் அவர். கடையைக் கெடுத்த பயல் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குப் பெயர். நேற்று கம்பிக்குள் கையை விட்டு என் தோளைத் தொட்டார். கண் கலங்கியிருந்தது.

"ஏலே, நீ எம் மவன்தாம்ல. இப்பத்தான் நாலு பேரு முன்னால தல நிமிந்து நடக்கேன்."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. உங்கள் பேப்பரிலும் அதையேதான் எழுதியிருக்கிறீர்கள், குடும்ப மானம், சாதி வெறி என்று. அதை அடித்துவிடுங்கள் சார். என்னைக் கொலைகாரன் என்று எழுதுங்கள், பைத்தியம் என்று வேண்டுமானாலும் எழுதுங்கள், அது மட்டும் வேண்டாம். என்னைப் பார்த்தால் அப்படிப்பட்டவனாகத் தெரிகிறதா? தங்கச்சியைக் கட்டினான் என்பதற்காகக் கொல்கிறவனாக இருந்திருந்தால், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அவன் என் தோளில் கை போட்டு முதல் தடவையாக மச்சான் என்று கூப்பிட்டானே, அங்கேயே செய்திருக்க மாட்டேனா? அன்றைக்கே கை துடிக்கத்தான் செய்தது. பொறுத்துக்கொண்டேன். அவன் குரலில் அப்போது இன்னும் பாதி ஆல்பம் பாக்கி இருந்தது.